மிளகில் பப்பாளி விதை கலந்தது யார்?

“மேடம், கலப்படம் பண்றவன் பதினோரு விதையா கலப்பான்?”

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, கம்ப்யூட்டரைக்கூட ஆன் செய்யவில்லை, போனில் இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் காதர் பாய். கொல்லிமலை அடிவாரத்தில், பேளுக்குறிச்சியில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்பவர்.

நான் சேலத்தில் ஒரு சின்ன உணவுப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மிளகு மூட்டையில் மிளகைத் தவிர வேறு என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடுவது என் வேலை. காம்பு, கல், மண், உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு, பூச்சி... ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கடைசி வரி மட்டும் கொஞ்சம் கனமானது. ‘கலப்படம்: உண்டு / இல்லை.’ இரண்டே கட்டம். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

காதர் பாய் அனுப்பிய ஒரு மாதிரியில் பதினோரு பப்பாளி விதைகள் இருந்தன. காய்ந்த பப்பாளி விதை, மிளகுக்குக் கூடப் பிறந்த தங்கை மாதிரி இருக்கும். கறுப்பு, சுருக்கம், அதே அளவு. சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள் — நல்ல மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். பதினொன்றும் மிதந்தன. ‘உண்டு’ என்று டிக் அடித்தேன். குறிப்பு என்ற இடத்தில், ‘சில விதைகளில் நார் ஒட்டியுள்ளது’ என்று எழுதினேன். அடுத்த மாதிரிக்குப் போய்விட்டேன்.

அந்த மிளகு சின்னப்பொண்ணு என்ற மலைக்காரப் பெண்மணியுடையதாம்.

“அந்தம்மாகிட்ட இருபது வருசமா வாங்கறேன். கண்ண மூடிட்டு மூட்டைக்குள்ள கையை விட்டாலே அவங்க மிளகுன்னு சொல்லிருவேன், அம்புட்டுச் சுத்தம்” என்றார் பாய். “இப்ப உங்க பேப்பரு வேற சொல்லுது. மூட்டையைத் திருப்பி அனுப்பியாச்சு. அந்தப் பேப்பரை மலைல பொம்பளைங்க மிளகுக் குழுக் கூட்டத்துல சத்தமாப் படிச்சிட்டாங்க. வியாழக்கிழமை மறுபடி கூட்டம். அவங்க பேரைக் குழுவிலிருந்து எடுக்கப் போறாங்களாம். நீங்க ஒருக்கா மேல போயிப் பாத்துருங்க மேடம். அப்பறமும் கலப்படம்தான்னு சொன்னீங்கன்னா நான் வாயத் தொறக்கல.”

லேப் ஆட்கள் பொதுவாக மாதிரியைத்தான் பார்ப்போம். மனிதரைப் பார்ப்பதில்லை. ஆனாலும் அந்தப் பதினொன்று என்ற எண் என்னை உறுத்தியது. லாபத்துக்குக் கலப்பவர் கிலோக் கணக்கில் அல்லவா கலப்பார்?

புதன்கிழமை பஸ் ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே போவது என் திட்டம். நாற்பத்து மூன்றாவது வளைவில் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். காரணம் கேட்காதீர்கள்.

திருப்புலி நாட்டில் (இந்த மலையில் ஊர்களுக்கு நாடு என்றுதான் பெயர்), ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி சின்னப்பொண்ணு அக்காவின் வீடு. நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“வாங்க. மொதல்ல தண்ணி குடிங்க. அப்பறமேட்டுத் திட்டுங்க.”

அவர் கணவர் பொன்னுசாமி அண்ணன், அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் பையிலிருந்து செக்லிஸ்ட்டை எடுத்தேன். சிமெண்ட் களம் — உண்டு. தார்ப்பாய் — உண்டு, கிழிசல் இல்லை. கோழி வராமல் வலை — உண்டு. தலையில் துணி — அக்கா பேசும்போதே கட்டிக்கொண்டார். ஒவ்வொரு வரியிலும் டிக் விழுந்தது. இவ்வளவு சுத்தமான களத்தை என் வேலையில் அதிகம் பார்த்ததில்லை. களத்தின் ஓரத்தில் ஒரு பலா மரம். தண்டைச் சுற்றி மிளகுக்கொடி, ஒரு கிளை மட்டும் களத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். இலை. வேறு ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் போனேன். அங்கே நின்றது — பப்பாளி மரம். மேலே மஞ்சளாகப் பழுத்த ஒரு பழம், பாதி காலி.

என் பேனா நின்றுவிட்டது.

“பாத்துட்டீங்களா?” என்றார் அக்கா, பின்னாலிருந்து. “எல்லாரும் அதத்தான் பாத்தாங்க. களத்தை ஒருத்தரும் பாக்கல.”

“பாதிப் பழம் யார் சாப்பிட்டாங்க அக்கா?”

“அணிலுங்க. வேற யாரு?”

“விதையை நீங்க என்ன செய்வீங்க?”

அக்கா எனக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஏனுங்க மேடம்... களத்துல ஒரு முடி கெடந்தாலும் பொறுக்கிப் போடறவ நான். இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? நீங்கதான! என்னைய ஞாவகம் இல்லீங்களா?”

இல்லை. நிஜமாகவே இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் செம்மேட்டில் மிளகு உலர்த்துவது பற்றி ஒரு நாள் பயிற்சி நடத்தினேன். ஐம்பது பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்த அக்கா. வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதவின் உள்பக்கத்தைக் காட்டினார். நான் அன்று கொடுத்த தாள், சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டு, மஞ்சளேறி. இருபது விதிகள். எல்லாம் நான் எழுதியவை. பட்டியல் போடுவதில் எனக்கு இருக்கும் வியாதிதான் உங்களுக்குத் தெரியுமே!

அக்கா பன்னிரண்டாவது விதியில் விரலை வைத்தார். ‘வெயிலில் காய்ந்த மிளகைச் சூட்டோடு மூடக் கூடாது. முழுவதும் ஆறிய பிறகே குவித்து மூட வேண்டும்.’

“சூட்டோட மூடுனா வேர்த்துப் பூசணம் புடிக்கும்னீங்க. மத்தவங்கல்லாம் வெயிலு தாழ்ந்ததும் சுருட்டிக் கட்டிருவாங்க. நான்தான் பொழுது எறங்கி ஒரு மணி நேரம் ஆறப் போட்டு, சோறாக்கி எறக்கிட்டு வந்து மூடறேன். இத்தனையும் பண்றவ, பப்பாளி வெதயக் கொண்டாந்து கொட்டுவனா?”

என் பட்டியலில் இன்னும் ஒரு வரிதான் பாக்கி இருந்தது. ‘தொடக்கம் முதல் மூடும் வரை நேரில் பார்த்தாயா?’ அதைப் பார்க்க வேண்டுமென்றால் கடைசி பஸ்ஸை விட வேண்டும்.

விட்டேன்.

பொழுது இறங்கியதும் குளிர் ஏறியது. அக்கா அடுப்படிக்குப் போய்விட்டார். களத்தின் ஓரம் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். மடியில் நோட்டு. மிளகிலிருந்து சூடு காரமான வாசனையாக எழும்பிக்கொண்டிருந்தது. கோழி வரவில்லை. அணில் வரவில்லை. மனிதர் வரவில்லை.

ஆறு ஐம்பத்திரண்டு. பொத்!

நோட்டின் நடுவில் என்னவோ விழுந்தது. ஈரமாக, கட்டைவிரல் நுனி அளவுக்கு, நன்றாக மென்று சப்பிய நார் உருண்டை. அதில் ஒட்டிக்கொண்டு மூன்று கறுப்பு விதைகள்.

‘சில விதைகளில் நார் ஒட்டியுள்ளது...’ — என் கையெழுத்து எனக்கே கண்முன் வந்தது.

அண்ணாந்தேன். ஒன்றும் தெரியவில்லை. போன் டார்ச்சைப் போட்டு அதன் மேல் விரலை வைத்து மூடினேன். விரலின் வழியே சிவப்பாகக் கசியும் அந்த வெளிச்சம் மிருகங்களை அவ்வளவாக மிரட்டாது. மெல்ல மேலே தூக்கினேன்.

பலாக்கிளையில், என் தலைக்கு ஏழடி உயரத்தில், தலைகீழாக ஒரு நாய்க்குட்டி முகம்.

பழந்தின்னி வௌவால்! உள்ளங்கை அளவு உடம்பு. முகத்தின் பாதியை அடைத்துக்கொண்ட ஈரமான கண்கள். ஒற்றைக்காலில் தொங்கியபடி, இன்னொரு காலாலும் இறக்கையின் கட்டைவிரலாலும் தன் தலையளவு பப்பாளித் துண்டைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அது சாப்பிடும் முறையை நான் எப்படிச் சொல்வேன்? ஒரு வாய் கடிக்கிறது. மெல்கிறது. பிறகு நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்திப் பிழிகிறது. சாறு உள்ளே போகிறது. சக்கை உருண்டையாக வெளியே வருகிறது. வாய்க்குள்ளேயே ஒரு ஜூஸ் கடை! எங்கள் லேபில் சாறு பிழியும் மெஷின் ஒன்று இருக்கிறது. அதற்கு வருடா வருடம் சர்வீஸ் வேண்டும்.

துண்டு தீர்ந்தது. இறக்கை விரிந்தது... காணோம். சத்தமே இல்லை. நாலு நிமிடத்தில் இன்னொரு துண்டோடு திரும்பி வந்தது. அதே கிளை. அதே சுள்ளி. பக்கத்தில் இப்போது இன்னொன்று.

“அக்கா! ஓடி வாங்க!”

கையில் கரண்டியோடு ஓடி வந்தார். “என்னாச்சு கண்ணு? பாம்பா?”

மேடமாக இருந்த நான் எப்போது கண்ணு ஆனேன் என்று இருவருமே கவனிக்கவில்லை.

“கலப்படம் பண்றவங்க வந்திருக்காங்க.”

அக்கா மேலே பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டியது; முதன்முறையாக அவர் களத்தில் ஏதோ சிந்தியதை அவர் பொருட்படுத்தவில்லை.

“அட சாமி... நம்ம களத்துக்கு மேலயா இது உக்காந்து சோறு திங்குது? பகல்ல ஒரு நாளும் கண்ணுல பட்டதில்லீங்களே!”

எப்படிப் படும்? இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தச் சின்ன வகைப் பழந்தின்னி வௌவாலுக்கு மூன்று விலாசங்கள். பழம் இருக்கும் மரம் ஒன்று. ஆனால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடாது. பழுத்த மரத்தில் கூட்டம் கூடும் என்று ஆந்தைக்கும் பாம்புக்கும் தெரியுமே! அதனால் ஒரு துண்டைக் கடித்துப் பார்சல் வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளி வேறொரு மரத்துக்கு வந்துவிடும். அதுதான் சாப்பாட்டு மேஜை. தூங்குவது மூன்றாவது இடத்தில். அக்காவின் பலா மரம் மேஜை மட்டும்தான். பகலில் யார் வந்து பார்த்தாலும் மேஜை காலி. மேஜைக்குக் கீழே சிந்தியதை அக்கா விடியும் முன்பே கூட்டித் தள்ளிவிடுவார். மிளகுக்குள் விழுந்தது மட்டும் மிளகோடு மிளகாக உருண்டு, காய்ந்து, சேலம் வந்து, என் தண்ணீர் டம்ளரில் மிதந்தது.

இப்போது நேரத்தைப் பாருங்கள். சூரியன் மறைந்து வௌவால் முதல் பந்திக்கு வரும் அந்த ஒரு மணி நேரம்தான், என் பன்னிரண்டாவது விதிப்படி அக்கா மிளகைத் திறந்து போட்டிருந்த ஒரு மணி நேரம். விதியை மதிக்காதவர்கள் வீட்டு மிளகில் ஒரு விதையும் இல்லை. அக்கறையாக மதித்தவருக்குத்தான் ‘கலப்படம்: உண்டு’.

பொன்னுசாமி அண்ணன் தீட்டிய அரிவாளோடு வந்தார். அன்று முதன்முறையாகப் பேசினார்.

“காலைல அந்தக் கெளைய எறக்கிர்றேன். தொல்ல உட்டுது.”

“எதுக்கு?” என்றார் அக்கா. “அது பாட்டுக்குத் திங்குது, துப்புது. அது என்னையக் கலப்படக்காரின்னு சொல்லுச்சா? சொன்னது மனுசங்க.”

மனுசங்க என்றபோது என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் என் இயல்புப்படி நோட்டில் தீர்வுகளைப் பட்டியலிட ஆரம்பித்தேன். ஒன்று, களத்தை இடம் மாற்றலாம். இரண்டு, தகரக் கூரை. மூன்று... மூன்றை எழுதி முடிப்பதற்குள் அக்கா உள்ளே போய்ப் பழைய கொசுவலை ஒன்றைக் கொண்டுவந்து, நாலு மூலையிலும் கூடையைக் கவிழ்த்து, மிளகுக்கு மேலே விரித்துக் கட்டிவிட்டார்.

“ஆறவும் ஆறும். எச்சி விழவும் விழாது. என்னங்கறீங்க?”

நோட்டை மூடினேன்.

அன்று சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும். சாப்பிடும்போது மேலே இருந்தவர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வலையில் அவ்வப்போது பொத், பொத் என்று விழுந்தது. ஒவ்வொரு முறையும் அண்ணன் கோபப்படத் தொடங்கி, அக்கா சிரிப்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை, “தூங்கற எடம் வேறன்னீங்களே, எங்கன்னு பாப்பமா?” என்று அக்காவே கேட்டார். ரோட்டோரக் கூந்தல்பனைக்குக் கூட்டிப்போனேன். பெண்ணின் அவிழ்த்துவிட்ட கூந்தல் மாதிரிக் காய்க்குலை தொங்கும் அந்த மரத்தைத்தான் இவை அடிக்கடி தேர்ந்தெடுக்கும் என்று படித்திருந்தேன். மூன்றாவது மரத்தில் கிடைத்தது. குலைக்கு நேர் கீழே நின்று அண்ணாந்தோம்.

உள்ளே ஒரு மணி! கோயில் மணியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கூடு. நடுச் சரங்களை மட்டும் பல்லால் கடித்துக் கடித்து உதிர்த்து, சுற்றுச் சரங்களை அப்படியே திரையாக விட்டிருந்தது. இதைச் செய்வது ஆண் வௌவால். கருவி, பல். வேலை, வாரக்கணக்கில். வீடு முடிந்த பிறகுதான் பெண்கள் வருவார்கள், வீட்டைப் பார்ப்பார்கள், பிடித்தால் தங்குவார்கள். உள்ளே ஆறேழு பேர் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு தூங்கினார்கள். ஒன்று மட்டும் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. ‘என்ன வேணும்?’ என்பது போல.

“ஊடு கட்டி வெச்சுட்டுத்தான் பொண்ணு பாக்குதுங்களா?” என்றார் அக்கா. “எங்க ஊட்டுக்காரருக்குக் கூட்டியாந்து காட்டணும்.”

இதெல்லாம் மலையில்தான் என்று நினைக்காதீர்கள். உங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். அபார்ட்மெண்ட் சுவரோரம் அழகுக்காக வரிசையாக நட்ட நெட்டிலிங்க மரங்களின் உள்ளே, பார்க்கில் விசிறி மாதிரி நிற்கும் பனையின் மடிந்த ஓலைக்குள். சாப்பாட்டுக்கு நகரத்தில் குறையே இல்லை. தெருவோர நாட்டு பாதாம், பக்கத்து வீட்டுச் சப்போட்டா, கொய்யா, ஆலும் அத்தியும், நெட்டிலிங்கத்தின் பழம், பள்ளிக்கூட வாசலில் சிங்கப்பூர் செர்ரி. பழம் இல்லாவிட்டால் வாழைப்பூவின் தேன். தெருவிளக்கு, ஹாரன், பட்டாசு, கேபிள் ஒயர்... இத்தனைக்கும் நடுவில் கண்ணையும் மூக்கையும் மட்டும் நம்பி வழி கண்டுபிடிக்கின்றன. பூச்சி பிடிக்கும் வௌவால்கள் போல ஒலியை எழுப்பி எதிரொலி கேட்டுப் பறப்பவை அல்ல இவை.

எங்கள் அபார்ட்மெண்டில் போன நாவல் சீசனில் ஒரு பெரிய சண்டை. வேப்ப மரத்தடியில் நிறுத்தும் வெள்ளைக் கார்களின் மேல் தினமும் ஊதாக் கறை. மூன்றாம் மாடியில் வெற்றிலை போடும் சார்தான் பால்கனியிலிருந்து துப்புகிறார் என்று வாட்ஸ்அப் குரூப்பே முடிவு கட்டியது. அவர் இல்லை இல்லை என்றார். யார் கேட்டோம்? நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டேன், ஆமாம் என்று. மலையிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக மூன்றாம் மாடி ஏறினேன். விஷயத்தைச் சொன்னேன். “வௌவால் துப்பினதுக்கா ஆறு மாசமா என் கூட லிஃப்ட்ல யாரும் பேசலை?” என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அது தனிக் கதை.

சரி, அன்றைய வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் திரும்புகிறேன்.

இருபது, இருபத்தைந்து பெண்கள். நடுவில் நான். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு; அதில் வலையிலிருந்து பொறுக்கிய சக்கை உருண்டைகள். நடந்ததைச் சொன்னேன். பிறகு சொன்னேன்: “அந்த மூட்டையைத் திருப்பி அனுப்பினது சரிதான். வௌவால் எச்சில் பட்ட மிளகு சாப்பாட்டுக்கு ஆகாது. அதுல எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனா நான் எழுதின வார்த்தை தப்பு. கலப்படம்னா ஒருத்தர் வேணும்னே செய்யறது. இங்க யாரும் வேணும்னே எதுவும் செய்யலை. நார் ஒட்டியிருந்ததைப் பார்த்தும் ஏன்னு யோசிக்காம டிக் அடிச்சது நான்தான். அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “அப்ப வௌவாலையும் குழுவுல சேத்துக்கலாங்களா?”

கொல்லென்று சிரிப்பு. இன்னொருவர், “அது சந்தா கட்டுமா?” என்றார். குழுத் தலைவியம்மாவும் சிரித்துவிட்டார். “சரி சின்னப்பொண்ணு, மனசுல எதும் வெச்சுக்காத. பேரை எடுக்கல. முடிஞ்சுது உடு” என்றார்.

சின்னப்பொண்ணு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

“முடியலீங்க. அன்னைக்கு அந்தப் பேப்பர இதே எடத்துல, எம் பேரச் சொல்லி, ஊட்டுக்காரர் பேரச் சொல்லி, சத்தமாப் படிச்சீங்க. வெளிய நின்ன டிரைவரு வரைக்கும் கேட்டுது. இப்பச் சிரிச்சுட்டு உட்டா எப்படி? புதுப் பேப்பரு எழுதச் சொல்லுங்க. அதையும் அதே மாதிரி, எம் பேரச் சொல்லி, சத்தமாப் படிங்க.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்நாளிலேயே மிகச் சின்ன அறிக்கை. பட்டியல் இல்லை. எண்கள் இல்லை. ‘திருப்புலி நாடு பொன்னுசாமி மனைவி சின்னப்பொண்ணு அவர்களின் மிளகில் கலப்படம் இல்லை. பப்பாளி விதைகள் களத்தின் மேலிருந்த மரத்தில் உணவருந்திய பழந்தின்னி வௌவால்கள் துப்பியவை.’

தலைவியம்மா படித்தார். பாதியில் அக்கா கையை உயர்த்தினார்.

“ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் சத்தமா...”

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை வெளியே நின்ற டிரைவருக்கும் கேட்டது. படித்து முடித்ததும் அக்கா தலைத்துணியை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டு, “வாரேங்க, வெயிலு ஏறிருச்சு, மிளகு தொழாவணும்” என்று கிளம்பிவிட்டார்.

அந்தப் பலாக்கிளை இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று போன வாரம் காதர் பாய் போனில் சொன்னார்.

எங்கள் லேப் படிவத்தில் இப்போது ‘கலப்படம்: உண்டு / இல்லை’ என்பதற்கு முன்னால் ஒரு புது வரி சேர்த்திருக்கிறேன்: ‘டிக் அடிக்கும் முன் அண்ணாந்து பார்த்தாயா?’